ஒருவரே கவனிக்கும் நூலகத்தை எத்தனை மணிநேரம் திறந்து வைப்பது?

மட்டக்களப்பு மாவட்டத்தின் எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்குக் கரையில் உள்ள ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரோ வேலை செய்யும் இடமோ தெரியவரக் கூடாது என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டக்கூடியவற்றைத் தவிர்த்து, கேள்விக்கு வேண்டியதை மட்டும் இங்கே தருகிறேன்.

அவர் பணிபுரிவது ஊர்ப் பண்பாட்டுச் சங்கமொன்று நடத்திவரும் சிறிய நூதனசாலையில் (அருங்காட்சியகத்தில்). திங்கள் தவிர்ந்த ஆறு நாட்களும் காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கரை வரை திறந்திருக்கும். பின்பக்கத்தில் ஒரு நூலக அறை. அதில் ஏறக்குறைய 2,300 நூல்கள், கோயில்களும் பாடசாலைகளும் வெளியிட்ட சிறப்பு மலர்கள், கட்டிவைத்த பழைய பத்திரிகைகள், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரின் குடும்பங்கள் கொடுத்த கூத்துக் கொப்பிகள் (கையெழுத்துப் பிரதிகள்), 61 ஏட்டுச்சுவடிக் கட்டுகள். சம்பளம் பெறும் ஊழியர் அவர் ஒருவர்தான். நுழைவுச்சீட்டுக் கிழிப்பதும், பாடசாலைப் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்வதும், நூலகராக இருப்பதும் அவரே. பாடசாலை பஸ் ஒன்று வாசலில் வந்து நின்றால் நூலக அறையைப் பூட்டிவிட்டு முன்கூடத்துக்கு ஓடுகிறார். சென்ற மாதம் வேலை செய்த 26 நாட்களில் 11 நாட்கள் இப்படி இடையில் பூட்ட நேர்ந்திருக்கிறது. அவற்றுள் ஒரு நாள், வாவிக்கு அக்கரையிலுள்ள மண்டூரிலிருந்து பாதையேறி (வாவியைக் கடக்கும் படகேறி) வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பூட்டிய கதவின் முன்னால் ஒன்றேகால் மணிநேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய், பொதுமக்களின் உரிமை மறுக்கப்படுகிறது என்று சங்கத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் போட்டுவிட்டார். போதாக்குறைக்கு, 1958ஆம் ஆண்டுக் கும்பாபிஷேக மலரொன்றில் ஒரு தாள் பிளேட்டால் அறுத்தெடுக்கப்பட்டிருப்பதும் அதே மாதத்தில் தெரியவந்தது.

நிர்வாக சபையில் இப்போது இரண்டு கட்சி. இன்னொருவரை வேலைக்கு எடுக்கும்வரை நூலகத்தை முற்றாக மூடிவிடலாம் என்கிறார் பொருளாளர். நம்பிக்கையான ஊரவர் நாலு பேரிடம் ஒவ்வொரு திறப்பு (சாவி) கொடுத்துவிட்டால் எல்லா நாளும் திறந்திருக்கலாம் என்கிறார் தலைவர். இதற்கிடையில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கூத்துக் கொப்பிகள் அத்தனையையும் கைபேசியில் படமெடுக்க அனுமதி கேட்கிறார். கனடாவிலுள்ள உறவினர் ஒருவர், சுவடிகளைத் தன்னுடன் கொண்டுபோய் ஸ்கான் செய்து தருவதாகச் சொல்கிறார். கடிதத்தின் முடிவில் சகோதரி கேட்பது மூன்று கேள்விகள். தகவல் அறியும் சட்டப்படி எந்நேரமும் திறந்தே வைத்திருக்க வேண்டுமா? தொலைந்த தாளுக்குத் தான் பணம் கட்ட வேண்டி வருமா? நேரத்தைக் குறைத்தால் அது மக்களுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

அன்புச் சகோதரிக்கு,

கடைசிக் கேள்விதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று தெரிவதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நேரத்தைக் குறைப்பது துரோகமில்லை. அறிவித்த நேரத்தில் பூட்டியிருப்பதுதான் குறை. அந்தக் குறையைத்தான் மண்டூர் ஆசிரியரும் சொல்லியிருக்கிறார். அவர் காலையில் புறப்பட்டு, குருமண்வெளிக்குப் பாதையில் கடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருப்பார். திரும்பிப் போகும் நேரத்தையும் மனதில் கணக்குப் போட்டிருப்பார். கிழமையில் இரண்டே நாள், மும்மூன்று மணிநேரம்தான் திறப்போம் என்று எழுதியிருந்து, அந்த ஆறு மணிநேரமும் நீங்கள் தவறாமல் அங்கே இருந்திருந்தால், அவர் அந்த நாளைப் பார்த்து வந்திருப்பார், வேலையை முடித்துக்கொண்டு போயிருப்பார். இப்போதோ உங்கள் பலகையில் கிழமைக்கு 45 மணிநேரம் எழுதியிருக்கிறது. அதில் எந்த மணிநேரம் உண்மை என்று உங்களுக்கே தெரியாது.

வருகைப் பதிவேட்டின் பிரதியைக் கடிதத்துடன் இணைத்திருந்தது நல்ல காரியம். சென்ற மாதம் நூலகத்துக்கு வந்தவர்கள் 31 பேர்: மாணவர் 19, பழைய பத்திரிகை பார்க்க வந்தவர்கள் 6, ஆய்வாளர் 4, வெளிநாட்டிலிருந்து குடும்ப வேர் தேடி வந்தவர்கள் 2. நாளொன்றுக்கு ஒருவர் என்று சொல்லலாம். இந்த 31 பேருக்காக 26 நாளும் நீங்கள் இரண்டு அறைகளுக்கிடையில் ஓடியிருக்கிறீர்கள். நூலகவியலுக்கு விதிகள் வகுத்த சீர்காழி இரங்கநாதன், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். (அவரும் காரைதீவில் பிறந்த நமது விபுலாநந்த அடிகளும் ஒரே 1892இல் பிறந்தவர்கள் என்பது எனக்கு எப்போதும் பிடித்த தற்செயல்.) வாசகரின் நேரத்தைச் சேமிப்பதற்கு, நூலகரின் நேரம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றிய பயம்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பகிரங்க அதிகார சபைகளின் வசமுள்ள தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையைப் பிரசைக்குக் கொடுக்கிறது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தம்முடைய முடிவை அறிவிக்க வேண்டும். ஒரு தனியார் சங்கம் தானாகவே இச்சட்டத்துக்குள் வந்துவிடாது. ஆனால் அரச பணத்தில் கணிசமான அளவு தங்கியிருந்து பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரசசார்பற்ற நிறுவனங்களும் உள்ளடக்கப்பட்டிருப்பதால், உங்கள் சங்கத்தின் கணக்குகளை ஒருமுறை பார்க்கும்படி செயலாளரிடம் சொல்லுங்கள். எப்படியிருந்தாலும், ஒரு நூலகம் எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று அந்தச் சட்டம் விதிக்கவில்லை. பிரதேச செயலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தால் புதிய நேர அட்டவணையை இணைத்து ஒரு பக்கத்தில் பதில் எழுதினால் போதும்.

அறுக்கப்பட்ட தாளைப் பற்றி: வாசகர் ஒருவர் களவாகச் செய்த காரியத்துக்கு ஊழியர் தம் பையிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்று பொதுவான விதி எதுவும் இல்லை. கவலையீனம் இருந்ததா, உங்கள் நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அது மாறும். நான் நூலகன், சட்டத்தரணி அல்லன். ஆகவே இழப்பை ஏற்றுக்கொள்வதாக எந்தத் தாளிலும் ஒப்பமிடாமல், நியமனக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஒருமுறை காட்டுங்கள். அதற்கு முன்னர், நடந்ததைத் திகதியிட்டு நிர்வாக சபைக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். ஒருவரே மூன்று வேலை பார்க்கும் இடத்தில் வாசகரைத் தனியே விட்டுப் போக நேரும் என்பதை நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருந்தால் அது உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. வாய்மொழியாகப் பல தடவை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வாய்மொழிக்கு நிர்வாக சபைகளில் ஆயுள் குறைவு.

மூடிவிடுவதும் திறப்பைப் பங்கிடுவதும்

பொருளாளரின் யோசனை கவனமான மனிதரின் யோசனை போலத் தோன்றும். ஆனால் பூட்டிய அறை பத்திரமான அறை என்பது தவறான எண்ணம். மாரியில், நவம்பரிலிருந்து தை வரை, காற்றோட்டமில்லாத அறையில் பூஞ்சணம் பிடிக்க அதிக நாள் தேவையில்லை. ஓடு ஒன்று விலகி ஒழுகினாலும், கறையான் சுவரேறினாலும், அதைக் காண்பதற்கு யாராவது உள்ளே போக வேண்டும். 1978 நவம்பர்ச் சூறாவளியும் 2004 டிசம்பர்க் கடற்பெருக்கும் நம்முடைய கரையில் எத்தனை அலுமாரிகளை அழித்தன என்பதைக் கண்டவர்கள் நாங்கள். அன்று அழிந்த மலர்களில் எவற்றுக்கு வேறிடத்தில் ஒரு பிரதி இருந்ததோ அவற்றையே இன்று வாசிக்க முடிகிறது. யாரும் வராத அறையில் என்ன இருக்கிறது என்பதே பத்து வருடத்தில் மறந்துபோகும். பிறகு அந்த அறை கதிரை அடுக்கும் இடமாகிவிடும். இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

தலைவரின் யோசனையில் எனக்கு இன்னும் பயம் அதிகம். அதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், ஊரில் பாதிப் பேருக்குப் படிப்பித்த பெரியவர் ஒருவர் அடிக்கடி வருவார். எதை எடுக்கிறார் என்று சீட்டு எழுதித் தரும்படி அவரிடம் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்து, அலுமாரியையே திறந்து விட்டுவிடுவேன். சில வருடங்களின் பின்னர் ஒரு தொகுதியில் நான்கு தாள்கள் இல்லை என்று கண்டோம். அவர் எடுத்தாரா என்றால், எடுக்கவில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த அலுமாரியை அவருக்காகத் திறந்த நாட்களில் வேறு யார் யார் அறையில் இருந்தார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட என்னிடம் இருக்கவில்லை. முகத்தாட்சண்யத்தால் ஒரு நல்ல மனிதரைச் சந்தேகத்துக்கு ஆளாக்கியவன் நான்தான். திறப்பு நாலு கையில் இருந்தால் ஒரு தாள் போகும்போது நாலு பேரின் மேலும் பழி வரும். தலைவர் உட்பட எல்லோருக்கும் ஒரே சீட்டு, ஒரே விதி என்று வைப்பது அவர்களைக் காப்பாற்றவும்தான்.

தொண்டர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களை எங்கே இருத்துவது என்பதில்தான் பெரும்பாலான சங்கங்கள் தலைகீழாகச் செய்கின்றன: தொண்டரை நூலகத்தில் இருத்திவிட்டு நூலகரை நுழைவுச்சீட்டு மேசைக்கு அனுப்புகிறார்கள். சீட்டுக் கிழிப்பதையும் எண்ணிக்கை எழுதுவதையும் அரைநாளில் யாருக்கும் பழக்கிவிடலாம். எந்த மலரில் எந்தக் கட்டுரை இருக்கிறது என்பதும், ஒடிந்துபோகும் தாளை எப்படிப் புரட்டுவது என்பதும் அப்படியல்ல. நூலக நேரமான அந்த ஆறு மணிநேரத்துக்கு மட்டும் முன்மேசைக்கு ஒரு தொண்டரைக் கேளுங்கள். கிழமைக்கு 45 மணிநேரத்துக்கு ஆள் கேட்டால் யாரும் வரமாட்டார்கள். ஆறு மணிநேரம் என்றால் இரண்டு பேர் முறைவைத்து வருவார்கள். அந்த நேரத்தில் பாடசாலைக் குழுவுக்கு அனுமதி கொடுப்பதில்லை என்பதையும் சங்கம் தீர்மானமாக எழுத வேண்டும்.

எந்த நாள்?

உங்கள் ஊருக்கு எந்த நாள் பொருந்தும் என்பதை நீங்களே அறிவீர்கள். இருந்தாலும் சிலவற்றைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை வேண்டாம்: காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கமிருந்து வருவோருக்கு ஜும்ஆ நேரம் இடையில் வரும். பாடசாலைக் குழுக்கள் பெரும்பாலும் காலையில் வருவதால் கிழமைநாளில் பிற்பகல் நல்லது. ஆனால் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வருபவர் இருட்டுமுன் கடக்க வேண்டுமே. அதனால் புதன் பிற்பகல் ஒன்றரை முதல் நான்கரை வரையும், சனி காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரையும் என்று மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். தூரத்திலிருந்து வரும் ஆய்வாளருக்கு இவற்றுக்கு வெளியே மாதத்தில் இரண்டு முன்பதிவு நேரம் ஒதுக்கலாம். மாரி முடிந்து பெப்ரவரியில் தொடங்குங்கள். வெள்ளத்தில் தொடங்கினால் முதல் மாதமே கணக்குக் கெட்டுவிடும். உங்களுக்குச் சுகமில்லாத நாளில் என்ன செய்வது என்பதும் முதலே தீர்மானிக்கப்பட வேண்டும்: முன்பதிவு செய்தவர்களுக்காக நீங்கள் முந்திய நாள் எடுத்துவைத்த பெட்டியை மாத்திரம், பெயர் குறிக்கப்பட்ட ஒரு சபை உறுப்பினர் கொடுக்கலாம், அலுமாரிகள் திறக்கப்படா.

இன்னொன்று. வந்தவர்களை எண்ணுவது போல, திரும்பிப் போனவர்களையும் எண்ணுங்கள். அழைப்பில், வாட்ஸ்அப்பில் கேட்டு இல்லையென்று சொல்லப்பட்டவர்கள், பூட்டியிருந்ததால் போனவர்கள் என்று திகதியுடன் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டாவது ஊழியருக்காக நிர்வாக சபையிடமோ மாகாணத் திணைக்களத்திடமோ கேட்கும்போது, வேலை அதிகம் என்று எழுதிய பத்துக் கடிதங்களைவிட இந்தக் கொப்பி அதிகம் பேசும்.

ஒரு கதவுக்குப் பதிலாக நான்கு

உங்கள் கடிதம் முழுவதும் நூலகத்தை ஒரே பொருளாக நினைத்து எழுதப்பட்டிருக்கிறது: திறந்தால் எல்லாம் திறக்கும், பூட்டினால் எல்லாம் பூட்டும். அப்படி இருக்கத் தேவையில்லை. சேகரிப்பை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு இருப்பதாக நினையுங்கள். 31 பேரில் 19 பேர் மாணவர்; அவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒப்படைக்கு வேண்டிய அதே பத்துப் பதினைந்து நூல்களைத்தான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அவற்றின் இரட்டைப் பிரதிகளையும் போட்டோக்கொப்பிகளையும் முன்கூடத்தில், சீட்டு மேசைக்குக் கண்ணெதிரே, ஒரு தட்டில் வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாங்கு. இது முதற் கதவு: நூதனசாலை திறந்திருக்கும் 45 மணிநேரமும் அது திறந்த நூலகம். வருடத்தில் இரண்டு புத்தகம் தொலைந்தால் தொலையட்டும், வாங்கிவிடலாம்.

இரண்டாவது கதவு: மீண்டும் வாங்க முடியாத மலர்களும் பத்திரிகைகளும் நூலக நேரத்தில், சீட்டு எழுதி, ஒரு தடவைக்கு ஒன்றாக. பை வெளியில், பென்சில் மட்டும் உள்ளே. கையுறை வேண்டாம், தொலைக்காட்சியில் காட்டும் வெள்ளைப் பருத்திக் கையுறை தாளின் ஓரத்தைக் கிழிப்பதற்குத்தான் உதவும், கழுவி உலர்த்திய கை போதும். பக்க எண் இல்லாத கொப்பிகளுக்கு மூலையில் மெல்லிய பென்சிலால் எண் இடுங்கள். கொடுக்குமுன்னும் வாங்கிய பின்னும் எண்ணுவது நல்லது. எண்ண நேரமில்லாத தடித்த கட்டுக்கு, பலசரக்குக் கடையில் வைத்திருக்கும் சிறிய டிஜிட்டல் தராசில் முன்னும் பின்னும் நிறுத்துச் சீட்டில் எழுதுங்கள். பிளேட்டால் அறுத்த ஒரு தாள் நாலைந்து கிராம்தான் இருக்கும், ஆனாலும் நல்ல தராசு அதைக் காட்டிவிடும். தராசு மேசையில் இருப்பதைக் காண்பதே பலருக்குப் போதும். அத்துடன், அடையாள அட்டை இலக்கங்கள் எழுதிய வருகைப் பதிவேட்டை எல்லோரும் புரட்டும்படி மேசையில் விரித்து வைக்காதீர்கள். 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, ஆளுக்கொரு தனிச் சீட்டே ஒழுங்கு.

சுவடிகள் மூன்றாவது கதவு: முன்பதிவில் மட்டும், என்ன தேவைக்கு என்று எழுத்தில் பெற்று. இருக்கும் நிலையில் வையுங்கள். யாரோ சொன்னார்கள் என்று எண்ணெய் பூசாதீர்கள், பயிற்சி பெற்றவர் வந்து பார்க்கட்டும். நான்காவதை நீங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். 1990க்குப் பின்னரான இடம்பெயர்ந்தோர் பெயர்ப்பட்டியல்களும் குடும்ப விபரங்களும் கொண்ட கோப்புகள் அங்கே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உயிரோடிருப்பவர்களின் பெயர்கள் அவை. அவற்றைத் தனி அலுமாரியில் வைத்து, யாருக்கு எந்த நிபந்தனையில் காட்டுவது என்பதை நிர்வாக சபை எழுத்தில் தீர்மானிக்கும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள். பொதுமக்களுக்குத் திறப்பது என்பதற்குள் இது அடங்காது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பட்டியல். நூலகங்களுக்கான கோஹா மென்பொருள் இலவசம்தானே, போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல மென்பொருள், ஆனால் அதைப் பராமரிக்கவே ஒருவர் வேண்டும். 2,300 நூலுக்கு ஒரு எக்செல் தாள் போதும்: எண், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, தட்டு, நிலை, கொடுத்தவர், எந்தக் கதவு. அந்தப் பட்டியலை அச்சடித்து ஒரு பிரதியை மட்டக்களப்புப் பொது நூலகத்திலும் ஒன்றை வந்தாறுமூலைப் பல்கலைக்கழக நூலகத்திலும் வைக்கக் கேளுங்கள். கேட்பவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எண்ணைச் சொல்லி முன்கூட்டிக் கேட்டால் எடுத்துவைக்கலாம், நீங்கள் ஏணியில் ஏறித் தேடும் இருபது நிமிடம் மிச்சம்.

கைபேசியும் கனடாவும்

ஸ்கான் செய்துவிட்டால் ஆள் தேவையில்லை என்று சபையில் பேசப்படுகிறதாம். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு கட்டில் 80 ஏடு என்று வைத்தால் இரு பக்கமும் 160 படம்; 61 கட்டுக்கு 9,760 படங்கள். பதனமாக எடுத்துவைத்து மணிக்கு 60 படம் எடுத்தாலும் ஏறக்குறைய 163 மணிநேரம். நூலக நேரம் முழுவதையும் இதற்கே கொடுத்தால் 27 கிழமை, அதுவும் பெயரிட்டுச் சரிபார்க்கும் வேலை சேராமல். செய்ய வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெளியாள் துணையின்றித் தொடங்காதீர்கள் என்பதற்காகவே சொல்கிறேன். ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் ஸ்கான் செய்து இணையத்தில் வைக்கும், 2005 முதல் இயங்கும் 'நூலக நிறுவனம்' (Noolaham) இந்த வேலையில் பழக்கமுள்ளது, அவர்களுக்கு எழுதுங்கள்.

கனடா உறவினரின் மனம் நல்லது, யோசனை ஆபத்தானது. 1988ஆம் ஆண்டின் பண்பாட்டு ஆதனங்கள் சட்டப்படி இத்தகைய பொருட்களை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பிரித்தானிய நூலகம் நடத்தும் அழிவாபத்திலுள்ள ஆவணங்களுக்கான திட்டம்கூட, மூலம் சொந்த நாட்டிலேயே இருக்க வேண்டும், எண்ணிம (டிஜிட்டல்) பிரதி மட்டுமே வெளியே போகலாம் என்றுதான் விதி வைத்திருக்கிறது. அவரிடம் விமானச் சீட்டுக்குப் பதிலாக ஒரு ஸ்கானர் வாங்கித் தரும்படி கேட்டுப் பாருங்கள்.

மாணவரின் விடயம் அப்படிக் கறுப்பு வெள்ளை அல்ல. கொப்பி உங்கள் அலுமாரியில் இருப்பதால் அதன் பதிப்புரிமை சங்கத்துக்கு வந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 70 வருடமும் உரிமை நீடிக்கும். 1947இல் மறைந்த விபுலாநந்த அடிகளின் எழுத்துக்களுக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. சென்ற தலைமுறை அண்ணாவியார் ஒருவர் எழுதிய வடமோடிக் கூத்துக்கு முடிந்திருக்காது. இலாப நோக்கமற்ற நூலகம், ஒருவரின் கற்கைக்காகச் சிறுபகுதி ஒன்றுக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கொப்பிகள் முழுவதையும் அள்ளிக் கொடுப்பது அதற்குள் வராது. ஆய்வுக்கு வேண்டிய இரண்டு மூன்று கூத்துகளைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள், குடும்பத்தாரிடம் ஒப்புதல் பெறுங்கள், முகநூலில் போடுவதில்லை என்று எழுதி வாங்குங்கள், எடுத்த படங்களின் ஒரு பிரதி சங்கத்துக்குத் தரப்பட வேண்டும் என்றும் சேருங்கள். இப்படி ஐந்து மாணவர் வந்தால் உங்கள் ஸ்கான் வேலையில் ஒரு பங்கு தானாக நடந்திருக்கும்.

அறுக்கப்பட்ட மலருக்கு வருகிறேன். கத்தி பட்ட கீறல் அடுத்த பக்கத்திலும் இருக்கிறது, முதுகோரத்தில் விரல்நுனி அகலத்துக்கு மீதித் தாள் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மீதியைப் பிடுங்கிவிடாதீர்கள், செலோடேப்பும் ஒட்டாதீர்கள். பொருளடக்கத்தைப் பார்த்தால் அந்தத் தாளில் இருந்தது உபயகாரர் பட்டியல் என்று தெரிகிறதாம். அப்படியானால் அந்த மலரின் இன்னொரு பிரதி யாரோ ஓர் உபயகாரரின் வீட்டு அலுமாரியில் இருக்கக்கூடும். மலர் மண்டூர்ப் பக்கக் கோயிலுடையது என்பதால், உங்களைப் பற்றி முறைப்பாடு எழுதிய அந்த ஆசிரியருக்கே மன்னிப்புக் கேட்டு, புதிய நேர அட்டவணையையும் வைத்து, இந்தப் பக்கத்தைத் தேடித் தர முடியுமா என்று ஒரு கடிதம் எழுதுங்கள். கிடைத்தால் நல்ல தாளில் போட்டோக்கொப்பி எடுத்து, 'நகல்' என்று பென்சிலால் எழுதி, திகதியும் இட்டு, ஒட்டாமல் அந்த இடத்தில் செருகிவையுங்கள்.